ரிவால்வருக்கு வீட்டில் வார்த்த ஈயக்குண்டு: எந்த வழியில் சைஸ் செய்வது?

புதிதாக ஈயக்குண்டு வார்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த அச்சு வாங்கலாம்?" என்பதுதான். அமெரிக்காவில் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர் வைத்துக்கொண்டு வார இறுதியில் ரேஞ்சுக்குப் போகிற நம் ஆட்களும் அதையேதான் கேட்கிறார்கள். அச்சு இரண்டாம்பட்சம். வார்த்த குண்டை எந்த விட்டத்துக்குக் கொண்டுவருவது (இதைத்தான் சைஸ் செய்வது என்பார்கள்), எந்தக் கருவியில் கொண்டுவருவது, அதன் மேல் எதைப் பூசுவது என்பதில்தான் காசும் நேரமும் போகின்றன. குறி தப்புவதற்கும் பேரலில் ஈயம் அப்பிக்கொள்வதற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மத்தியச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்கவும் தோட்டா நிரப்பவும் தனி உரிமம் தேவையில்லை. தோட்டாவைச் செய்து விற்கிற தொழிலுக்கு 06 வகை உரிமம் வேண்டும். மாநில விதிகள் வேறுபடும், பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. இந்தியாவில் கதையே வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் கருவிகளையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் அச்சைப் போட்டுக்கொண்டு போய் மச்சானிடம் காட்டும் யோசனை வேண்டவே வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள்

ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையும் பேரலும் ஒரே உலோகத் துண்டு. ரிவால்வரில் சிலிண்டர் தனி, பேரல் தனி. சுட்டதும் குண்டு முதலில் சிலிண்டர் துளையின் முன்பக்கம் உள்ள குறுகலான வாயைத் தாண்டுகிறது. பிறகு சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி, அதற்கப்புறம் புனல் வடிவப் பேரல் முகப்பு, கடைசியில்தான் பேரலின் உட்சுவரில் சுழலாக வெட்டிய வரிப்பள்ளங்கள். குண்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்த முன்வாய்தான்.

முன்வாய் பேரலின் பள்ள விட்டத்தைவிடச் சின்னதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டைப் போட்டாலும் வாயிலேயே அது சுருங்கிவிடும். சுருங்கிய குண்டு பேரலுக்குள் தொளதொளவென்று போகும். பக்கத்தில் பீறிடும் சூடான வாயு ஈயத்தை அரித்துப் பேரல் சுவரில் அப்பும். முன்வாய் பள்ளத்தின் அளவுக்குச் சமமாகவோ, ஒரு முடியளவு பெரிதாகவோ இருந்தால் பிரச்சினையில்லை. குண்டை முன்வாய்க்குப் பொருத்தமாக சைஸ் செய்தால் போதும், மிச்சத்தைப் பேரல் பார்த்துக்கொள்ளும்.

அளப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. தோட்டா எதுவும் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டு சிலிண்டரைக் கழற்றுங்கள். 0.358 இஞ்ச் என்று தெரிந்த ஈயக்குண்டு ஒன்றை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பாருங்கள். தானாகவே விழுந்தால் துளை பெரிது, அந்தக் குண்டு சின்னது. விரலால் லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அதுதான் வேண்டிய பொருத்தம். அசையவே மறுத்தால் முன்வாய் இறுக்கம். ஆறு துளையும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐந்தில் வழுக்கி ஒன்றில் மட்டும் அடம்பிடிக்கிற சிலிண்டர் உண்டு. எண்ணாகவே தெரிய வேண்டும் என்றால் பின் கேஜ் செட் (துல்லிய அளவுள்ள உருளைக் கம்பிகள்) வாங்கலாம், இல்லையென்றால் மென்மையான ஈயத் துண்டை அதற்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கலாம். வெர்னியர் காலிப்பரை நம்ப வேண்டாம். இங்கே ஆயிரத்தில் ஒரு இஞ்ச்தான் முழு விஷயமும், காலிப்பர் அதையே முழுங்கிவிடும்.

பேரலையும் இதே மாதிரி ஈயத்துண்டு தள்ளிப் பார்க்கலாம். ஸ்மித் அண்ட் வெஸன் பேரல்களில் பெரும்பாலும் ஐந்து பள்ளம் என்பதால், வெளியே வரும் துண்டில் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டரில் அது சரியாகப் படாது, வி-வடிவத் தாங்கி உள்ளது வேண்டும். தள்ளும்போது கையில் தெரிவதையும் கவனியுங்கள். பேரல் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் திடீரென்று இறுகினால், அங்கே உள்விட்டம் கொஞ்சம் நெரிந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியில் எந்தப் பூச்சு பூசினாலும் அந்த இடத்துக்கு அப்பால் ஈயம் ஒட்டப் பார்க்கும்.

பொதுவான அளவுகள்: .38, .357 இரண்டுக்கும் செம்பு உறை போட்ட குண்டு 0.357, வார்த்த ஈயக்குண்டு 0.358. .44 மேக்னத்துக்கு உறை போட்டது 0.429, ஈயம் 0.430. .45 கோல்ட்டில் இன்றைய பேரல்களுக்கு 0.452; இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோல்ட் துப்பாக்கிகள் 0.454 கேட்கும். இவை தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் சிலிண்டர் என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும்.

வார்க்காமலே இருப்பது

இதையும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு பெட்டி சுடுகிறவர் உலை, அச்சு, டை (குண்டை வேண்டிய விட்டத்துக்கு நெருக்கும் துளையுள்ள கருவி) என்று வாங்கிப் போட்டால் முதலைத் திரும்ப எடுக்க வருஷக் கணக்காகும். பூச்சு பூசிய வார்ப்புக் குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. விட்டத்தைத் தேர்ந்தெடுக்க விடுகிற விற்பனையாளரிடம் வாங்கினால் போதும்.

ஆனால் "ஹார்ட் காஸ்ட்" (கடினமாக வார்த்தது) என்று பெருமையாக அச்சிட்ட பெட்டியை .38 ஸ்பெஷலுக்கு வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈயத்தின் கடினத்தைப் பிரினெல் எண்ணால் சொல்வார்கள்: சுத்த ஈயம் சுமார் 5, பழைய கார் சக்கர எடைக்கட்டிகள் சுமார் 12, அச்சுக்கூட லைனோடைப் 22. குண்டின் அடிப்பாகம் அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து பேரலை அடைக்க வேண்டுமானால், பிரினெல் எண்ணை 1422ஆல் பெருக்கி வரும் அழுத்தமாவது வேண்டும் என்று வார்ப்புக்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு). வகுத்துப் பார்த்தால் 12. இது வேதவாக்கு இல்லை, இதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இருந்தாலும் திசை சரி: மெதுவாகப் போகும் தோட்டாவுக்கு 18, 20 கடினமுள்ள குண்டு வீண். அளவு கொஞ்சம் குறைந்திருந்தால் அது விரிந்து சமாளிக்கவும் செய்யாது.

மறுபக்கத்துக்கும், அதாவது வேகமான தோட்டாவில் மென்மையான குண்டு என்னாகும் என்பதற்கும், சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1935இல் .357 மேக்னம் வந்தபோது தொழிற்சாலையிலிருந்து வந்த மென்மையான ஈயக்குண்டுகள் பேரலை ஈயத்தால் மெழுகிவிட்டன. .357இன் இன்றைய உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. ஏறக்குறைய அதே காலத்தில் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத் .44க்கு 429421 என்ற அச்சை வடிவமைத்து, 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்து வேகமாகவே சுட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கலவையின் கடினம் சுமார் 11தான். நல்ல வடிவமும், சரியான விட்டமும், மசகு நிறையப் பிடிக்கிற பள்ளமும் இருந்ததால் அது போதுமானதாக இருந்தது.

சைஸே செய்யாமல், மசகில் புரட்டி எடுப்பது

மிகவும் மலிவான வழி. அச்சிலிருந்து விழுந்த குண்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திரவ ஆலாக்ஸ் என்ற மசகு சில துளி விட்டு உருட்டி, மெழுகுத்தாளில் பரப்பிக் காயவிட்டு நிரப்பிவிடலாம். லீ நிறுவனம் இதற்கென்றே குறுகிய வரிகள் நிறைந்த அச்சுகளை விற்கிறது; .38க்கான 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) டி.எல். அச்சு அதில் ஒன்று.

உங்கள் அச்சு போடும் குண்டும் உங்கள் முன்வாயும் ஒத்துப்போனால் இதைவிட எளிது வேறில்லை. அந்த "ஒத்துப்போனால்"தான் சிக்கல். 0.358 என்று பொறித்த அச்சு 0.357 போடலாம், 0.360உம் போடலாம். கலவையைப் பொறுத்தும் மாறும்: சுத்த ஈயம் ஆறும்போது அதிகம் சுருங்கும், ஆண்டிமனி கூடினால் சுருக்கம் குறைந்து குண்டு பெரிதாக விழும். ஆலாக்ஸ் பிசுபிசுப்பு வேறு. டையில் ஒட்டி, நாள்பட்டால் குண்டு உட்காரும் ஆழமே மாறிவிடும். உள்ளரங்க ரேஞ்சில் புகையும் கிளம்பும். வெளியில் .38ஐ மெதுவாகச் சுட்டுப் பழகுகிறவருக்கு இது போதும். மேக்னம் வேகத்துக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பவுடர் பூசி, டை வழியே தள்ளி எடுப்பது

இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 7/8 இஞ்ச் திருகுள்ள சின்ன டை, ஏற்கெனவே தோட்டா நிரப்ப வைத்திருக்கும் பிரஸ்ஸிலேயே மாட்டிக்கொள்ளும். குண்டைத் தண்டின் மேல் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால், அது டை வழியாக ஏறி மேலே உள்ள டப்பாவில் விழுந்துவிடும். மூக்கை யாரும் தொடுவதில்லை, அதனால் வடிவம் கெடாது, குண்டு கோணலாகவும் போகாது. ஒரு விட்டத்துக்கு ஒரு டை, அவ்வளவுதான் செலவு. 0.357 டையை 0.358 ஆக்க வேண்டுமென்றால் நைஸான உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி உள்ளே தேய்த்தே விரிக்கலாம், அவசரப்படாமல்.

பூச்சுக்குத் தேவை பாலியஸ்டர் பவுடர், அடியில் 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிக்கான பிளாஸ்டிக் மணிகள். மணியையும் பவுடரையும் குண்டையும் போட்டு ஒரு நிமிஷம் போல நன்றாகக் குலுக்குங்கள். உராய்வில் ஏறும் நிலைமின்சாரம்தான் பவுடரைக் குண்டின் மேல் ஒட்டவைக்கிறது. மழைக்கால ஈரக்காற்றில் இது சொதப்பும், வறண்ட நாளில் அட்டகாசமாகப் பிடிக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டாத தாளில் நிறுத்தி, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிஷம் சுட வேண்டும். ஓவன் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். அதில் பிறகு ரொட்டி, பீட்சா எதுவும் வைக்கக் கூடாது. வெந்ததா என்று பார்க்க ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டையாக அடியுங்கள். ஈயம் நசுங்கியும் பூச்சு உரியாமல் கூடவே நசுங்கியிருந்தால் சரி. செதிலாகக் கொட்டினால் இன்னும் வேகவில்லை.

பூச்சு விட்டத்தை ஆயிரத்தில் ஒன்றிரண்டு இஞ்ச் கூட்டும். அதனால்தான் முதலில் பூச்சு, பிறகு சைஸ். அச்சு கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிடுகிறது என்று கவலைப்படுகிறவருக்கு இது வரப்பிரசாதம். சைஸ் டையால் குண்டைக் குறைக்கத்தான் முடியும், பூச்சுதான் கூட்டித் தருகிறது. கையில் பிசுபிசுப்பு இல்லை, புகை குறைவு, பேரல் சுத்தம். கலவையும் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை, மென்மையான ஈயமே .38க்குப் போதும். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: அச்சிலிருந்து விழும்போதே தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டு ஓவன் சூட்டில் அந்தக் கடினத்தை இழந்துவிடும்.

மசகிட்டு சைஸ் செய்யும் மேசைக் கருவி

லைமன் 4500, ஆர்.சி.பி.எஸ். லேம் 2 போன்றவை. நெம்புகோலை இழுத்தால் குண்டு அடிப்பாகம் முன்னே போகும்படி டைக்குள் இறங்கும், பக்கத் துளைகள் வழியே மசகு பள்ளத்தில் நிரம்பும், ஒரே இழுப்பில் இரண்டு வேலை. ஆலாக்ஸும் தேன்மெழுகும் சமமாகக் கலந்த பழைய மசகு இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அடியில் செம்புத் தொப்பி மாட்டுகிற 358156 மாதிரிக் குண்டுகளுக்கு அந்தத் தொப்பியை நெருக்கிப் பிடிக்கவும் இது தோது.

ஆனால் செலவு அடுக்கிக்கொண்டே போகும்: கருவி, விட்டத்துக்கு ஒரு டை, மூக்கு வடிவத்துக்கு ஒரு மேல் தண்டு, கெட்டி மசகென்றால் அடியில் சூடேற்றி. மேல் தண்டு மூக்குக்குப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு குண்டும் லேசாகச் சாய்ந்து இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, இலக்கில் தெரியும். ஸ்டார் கருவி மூக்கை முன்னே விட்டுத் தள்ளுவதால் இந்தத் தொல்லை அதில் இல்லை, விலைதான் தொல்லை.

அப்படியானால் யாருக்கு இது? கரிமருந்தில் .45 கோல்ட் சுடுகிறவர்களுக்கு, கேள்வியே இல்லாமல். கரிமருந்தின் கசடு பேரலில் இறுகாமல் இருக்க மென்மையான மசகு வேண்டும். பவுடர் பூச்சு அந்த வேலையைச் செய்யாது. பழைய துப்பாக்கி, பழைய முறை என்று ரசிக்கிறவர்களுக்கும் சரி. .38 ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவர் இதை வாங்கினால் அது பழைய கருவிகள் மேல் உள்ள ஆசை, தப்பில்லை.

ஈயம் எங்கே கிடைக்கும்?

டயர் கடைக்காரர் வாளி வாளியாக எடைக்கட்டிகளைத் தூக்கிக் கொடுத்த காலம் போய்விட்டது. கலிஃபோர்னியா 2010இல் ஈய எடைக்கட்டியைத் தடை செய்தது. இப்போது வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும்தான். வெட்டும் குறடால் ஓரத்தைக் கடித்துப் பாருங்கள்: ஈயம் குழைந்து பல் பதியும், துத்தநாகம் குறடையே திருப்பித் தள்ளும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419இல். உலையை 370க்குப் பக்கத்தில் வைத்தால் தவறி விழுந்த துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூட்டை ஏற்றிவிட்டால் கரைந்து, அச்சை நிரப்பாத கஞ்சி போலாகிவிடும். கார் பேட்டரித் தகடுகளைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் கால்சியமும் சேர்ந்து நச்சு வாயுவைக் கிளப்பும். குண்டின் ஓரங்கள் கூர்மையாக வரவில்லை என்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் சேருங்கள். அதற்கு மேல் போடுவது வெள்ளீயத்தின் விலைக்கு நியாயமில்லை. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன், 158 கிரெய்ன் குண்டு அதில் 44 வரும்.

அச்சைப் பற்றி இவ்வளவு போதும்: அலுமினியம் சீக்கிரம் சூடாகும், விலை குறைவு, முரட்டுக் கைக்குத் தாங்காது, இரும்பு நீடிக்கும், ஆனால் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

ஈயத்தின் ஆபத்து

ஈயம் கொதிக்க 1749 டிகிரி வேண்டும், வார்க்கும் சூட்டில் ஆவி பெரிதாகக் கிளம்பாது. அதனால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை, ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உலையின் மேல் சாம்பல் நிறத்தில் படியும் கசடு, அதை வழிக்கும்போது பறக்கும் தூள், அது படிந்த கை, அந்தக் கையால் எடுத்த பக்கோடா. காற்றோட்டமான இடத்தில் வார்ப்பு வேலையைச் செய்யுங்கள், சமையலறையில் ஒருபோதும் வேண்டாம். சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தப் பொழுதுபோக்கைச் சில வருஷம் தள்ளிப்போடுவதே நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இன்னொரு எமன். உருகிய ஈயத்துக்கு அடியில் ஈரம் போனால் நொடியில் நீராவியாகி உலையையே மேலே வீசும். ஈரக்கட்டியை நேராக உள்ளே போடாமல், ஓரத்தில் வைத்துச் சூடாக்கிக் காயவிட்டுப் போடுங்கள். முகக்கவசம், கையுறை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி கட்டாயம்.

தேர்ந்தெடுத்த பிறகு ஒரு பொறி

0.358க்கு மிகச் சரியாக சைஸ் செய்த குண்டு, தோட்டாவுக்குள் போனதும் 0.356 ஆகிவிடக்கூடும். செம்பு உறைக் குண்டுக்கென்று வரும் விரிப்பான் தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் போதுமான அளவு விரிக்காது, இறுக்கமான கூடு மென்மையான ஈயத்தை நசுக்கிவிடும். கடைசியில் தோட்டாவைச் சுற்றி நெருக்குகிற கார்பைட் வளையம் உள்ள கிரிம்ப் டையும் (கூட்டின் வாயைக் குண்டின் மேல் நெருக்கிப் பிடிக்கும் டை) இதையே செய்யும். பேரலில் ஈயம் அப்பிக்கொண்டால் பலர் உடனே கலவையைக் குறை சொல்லி இன்னும் கடினமாக்கப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத கூடு ஒன்றில் குண்டை உட்காரவைத்து, கிரிம்பும் செய்து, இழுப்பானால் திரும்ப வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் வையுங்கள். 0.358 காட்டினால் வேறு காரணத்தைத் தேடலாம். குறைந்திருந்தால் ஈயக்குண்டுக்கான பெரிய விரிப்பான் ஒன்றை வாங்கிப் போடுங்கள். உலையைத் திரும்பப் பற்றவைக்க வேண்டிய அவசியமே இருக்காது.